துணி முயல்

கள்ளக்குறிச்சி
18.1.2025

அன்புள்ள தம்பி வெற்றிவேலுக்கு,

அக்கா மணிமொழி எழுதுவது. நானும் உன் மாமாவும் பாப்பாவும் நல்ல சுகம். மலையில் இந்த வருஷம் பனி ஜாஸ்தி என்று பஸ்காரர்கள் சொல்கிறார்கள். உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? காலையில் மாடுகளுக்கு ஊசி போடக் கிளம்பும்போது தலையில் துண்டு கட்டிக்கொள்.

போன் இருக்கும்போது கடிதமா என்று சிரிக்காதே. நீ இருக்கும் இடத்தில் டவர் வேண்டுமென்றால் பாறை மேல் ஏற வேண்டியிருக்கிறது. ஏறிப் பேசினாலும் பாதியில் அறுந்துவிடுகிறது. அறுந்துபோகாத நாட்களில், "அப்புறம் பேசறேங்கா, டாக்டர் கூப்புடறாங்க" என்று நீயே வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் நீ தனியாக உட்கார்ந்துதான் படிப்பாய்.

நீ கேட்ட அரை எச்.பி. மோட்டாரை வெள்ளிமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். உள்ளே செம்புக் கம்பியைச் சுற்றி காயில் நானே கட்டினேன். மோட்டார் ரிப்பேர் கடையில் வேலை குவிந்து கிடக்கிறது, நான் கட்டுகிறேன் என்று மாமா கேட்டார். கொடுக்கவில்லை. மோட்டார் எதற்கு என்று நீ சொல்லவில்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. நம் ஊர் களமருதூரில் சின்ன வயதில் நாம் ஆயில் இன்ஜினை வைத்துச் செய்தோமே, அதுதானே? நெல் அறுத்த கழனியில் இன்ஜின் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி, அம்மாவின் பழைய புடவையை முயல்போல உருட்டிக் கட்டி இழுக்கவிட்டோம். நம் செவலை நாய் அதன் பின்னால் பறந்தது. அடிக்க வந்த அப்பாவே வரப்பில் நின்று பார்த்தார்.

ஓடியதா என்று உடனே எழுது.

உன் நலம் விரும்பும் அக்கா,
மணிமொழி


வெள்ளிமலை
2.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வெற்றிவேல் வணக்கம். சளி விட்டுவிட்டது. மாமாவையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்லவும். மோட்டார் பத்திரமாக வந்து சேர்ந்தது.

இங்கே விஷயம் பெரியது அக்கா. இந்த ஊர் நாய்கள் எல்லாம் வேட்டைக்குப் பழகியவை. முயல் பிடித்ததற்காகப் போன மழைக்காலத்தில் சின்னக்கண்ணு என்பவரை வனத்துறையினர் பிடித்துக்கொண்டு போனார்கள். அதிலிருந்து பயந்துபோய் எல்லோரும் நாய்களைச் சங்கிலியில் கட்டிவிட்டார்கள். ஓடிப் பழகிய நாயைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? தன் காலையே கடித்துக்கொள்கிறது. வளர்க்கிறவர்களையும் கடிக்கிறது. சின்னக்கண்ணு என்னிடம், "நீங்க ஊசி போட்டுக்கினே இருக்கீங்க சார். அதுக்கு நோவு ஒண்ணுமில்ல. ஓடணும், அவ்ளோதான்" என்றார்.

அதற்காகத்தான் இதைச் செய்தேன். சாமை அறுத்த மேட்டு நிலத்தில் நாலு மூலையிலும் கப்பிச் சக்கரம் அடித்து, கயிற்றை வளையமாக ஓட்டி, அதில் துணி முயலைக் கட்டினோம். சின்னக்கண்ணுவின் நாய் முதலில் முறைத்துப் பார்த்தது. பிறகு அது ஓடியதை நீ பார்த்திருக்க வேண்டும். எங்கள் கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் இசைவாணி கைதட்டினார். ஆனால் முயல் ஒரே வேகத்தில் ஓடாது, பதுங்கும், பிறகு பாயும், மோட்டாரும் அப்படி ஓடினால்தான் நாய் சலித்துப்போகாது என்றார். அவர் சொன்னது சரிதான்.

களமருதூரில் செய்தது விளையாட்டு அக்கா. இது வேறு.

இப்படிக்கு,
அன்புத் தம்பி வெற்றிவேல்


கள்ளக்குறிச்சி
20.2.2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கு எல்லோரும் சுகம். பாப்பாவுக்கு மட்டும் காய்ச்சல் வந்து போனது.

உன் கடிதத்தை மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். சின்னக்கண்ணு சொன்னதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். ஓடுவதற்கென்றே பிறந்ததைக் கட்டிப்போடுவது பாவம்தான்.

வேகம் மாற வேண்டுமென்றால் இன்னொரு மோட்டார் அனுப்புகிறேன். மேசை விசிறிக்குக் கட்டுவதுபோல மூன்று வேகத்துக்கும் தனித்தனி முனை எடுத்திருக்கிறேன். சுவிட்சைத் திருப்பினால் பதுங்கும், நடக்கும், பாயும். அரை எச்.பி.யில் இப்படிக் கட்டுவது சுலபமில்லை. இரண்டு தடவை கருகியது. மூன்றாவது தடவை தாங்கிவிட்டது. டாக்டரம்மா சொன்னது நடக்க வேண்டுமே.

உன் கடிதத்தில் அவர் பெயர் வந்த இடத்திலெல்லாம் உன் கையெழுத்து கொஞ்சம் அழகாகிவிடுகிறது. அவருக்கு எந்த ஊர்? வயது என்ன? சும்மாதான் கேட்கிறேன்.

முதலில் "செய்தேன்" என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வரியில் "கட்டினோம்" என்று இருக்கிறது. அந்த "னோம்" யார் யார்?

அன்புடன்,
அக்கா


வெள்ளிமலை
16.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். கோமாரி தடுப்பூசி முகாம், ஊர் ஊராக அலைச்சல். உடம்புக்கு ஒன்றுமில்லை. பாப்பா இப்போது எப்படி இருக்கிறாள்?

மோட்டார் நன்றாக ஓடுகிறது.

ஒரு நல்ல செய்தி. மிசினைப் பார்க்கச் செய்தித்தாளிலிருந்து வந்தார்கள். நாளையோ மறுநாளோ படத்தோடு வரும். டாக்டரின் யோசனைப்படி காப்புரிமைக்கும் விண்ணப்பித்துவிட்டோம். இந்த அமைப்பை நாங்கள்தான் முதலில் கண்டுபிடித்தோம் என்று அரசாங்கம் எழுதிக் கொடுப்பதற்குப் பெயர்தான் காப்புரிமை. எங்கள் இரண்டு பேர் பெயரிலும் போட்டிருக்கிறோம். விண்ணப்பத்தை எல்லோரும் பார்க்கும்படி சீக்கிரம் வெளியிடச் சொல்லித் தனியாகவும் எழுதிக் கொடுத்தோம்.

நீ கேட்டிருந்தாயே, டாக்டருக்கு ஊர் கள்ளக்குறிச்சிதான். கருணாபுரம்.

அவசரத்தில் எழுதுகிறேன்.

வெற்றிவேல்


கள்ளக்குறிச்சி
25.4.2025

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். பாப்பா தேறிவிட்டாள்.

செய்தித்தாளைப் பார்த்தேன். கடைக்கு வருகிற எல்லோரும் பார்க்கட்டும் என்று மாமா மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். டாக்டரம்மாவின் புடவை நிறம் படத்தில் எடுப்பாகத் தெரிகிறது. நீயும் சட்டையைத் தேய்த்துப் போட்டிருக்கிறாய். மோட்டார் படத்தின் மூலையில் தெரிகிறது. பாதியை நாய் மறைத்துக்கொண்டிருக்கிறது.

"மலைக்கு வந்த பிறகு தனக்கு உதித்த யோசனை" என்று நீ சொன்னதாகப் போட்டிருக்கிறார்கள். செய்தியாளர்கள் தப்பும் தவறுமாக எழுதுவார்கள் என்பது தெரிந்ததுதானே.

உனக்கு உதவியாக இருக்குமென்று ஒரு காரியம் செய்தேன். பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நிர்மலாவோடு உட்கார்ந்து, இதற்கு முன்னால் இப்படி யாராவது செய்திருக்கிறார்களா என்று இணையத்தில் தேடினேன். நூறு வருஷத்துக்கு முன்பே அமெரிக்காவில் தண்டவாளத்தின் மேல் மின்சாரத்தில் பொம்மை முயலை ஓடவிட்டு நாய்ப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் அதற்கும் முன்னால், கையால் சக்கரம் சுற்றிக் கயிறு இழுத்திருக்கிறார்கள். படங்களை இதோடு வைத்திருக்கிறேன். காப்புரிமை அலுவலகத்தில் கேட்டால் நீ தெரியாமல் முழிக்கக் கூடாதே. டாக்டரம்மாவிடமும் காட்டு.

உன் நன்மை நாடும்,
அக்கா


வெள்ளிமலை
12.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம். நல்ல மழை. மரவள்ளி போட ஆரம்பித்துவிட்டார்கள்.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்து முதலில் எனக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டர்தான், அது பந்தயத்துக்கு, நம்முடையது நாயின் மனசுக்கு, இரண்டும் ஒன்றில்லை என்றார். அதை வைத்தே ஒரு மாற்றம் செய்தோம். பந்தய முயலை நாயால் பிடிக்கவே முடியாது. எங்கள் முயலை நாய் கவ்வியதும் முடிச்சு கழன்று துணி அதன் வாயிலேயே நின்றுவிடும், மோட்டாரும் தானாக நின்றுவிடும். பிடித்துவிட்ட திருப்தியில் நாய் அன்றைக்கெல்லாம் சாந்தமாக இருக்கிறது. சின்னக்கண்ணுவின் நாய் இப்போது யாரையும் கடிப்பதில்லை. இந்த மாற்றத்தையும் விண்ணப்பத்தில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டோம். விண்ணப்பம் வெளியாகிவிட்டது. ஆட்சேபணை இருந்தால் யார் வேண்டுமானாலும் எழுதிப்போடலாம். யார் போடப்போகிறார்கள்?

நீ படம் அனுப்பியதால்தான் இது தோன்றியது. டாக்டர் உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
வெற்றிவேல்


கள்ளக்குறிச்சி
30.5.2025

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு வெயில் தாங்க முடியவில்லை. மற்றபடி சுகம். டாக்டரம்மாவின் நன்றி கிடைத்தது. அதை நீ சொல்லாமல் அவர் சொல்லியிருக்கிறார்.

இன்னும் சில கிடைத்தன, அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் தலைக்கு மேல் ஒரு கம்பு மோட்டாரில் சுற்றுகிறது, அதன் நுனிக் கயிற்றில் பொம்மை, சுற்றிச் சுற்றி நாய். ஒன்று பூனைக்கு. மிருகக்காட்சி சாலையில் சிறுத்தை ஓடுவதற்கென்றே கயிறும் மோட்டாரும் வைத்திருக்கிறார்கள். அதில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் வசதி இருக்கிறது. கவ்வியதும் கழன்றுகொள்வதுகூடப் புதிதில்லை என்று நிர்மலா சொல்கிறாள். நீ எதைத் தொட்டாலும் அங்கே முன்னாலேயே ஒருவன் தொட்டிருக்கிறான். என்ன செய்வது?

போன வாரம் கருணாபுரம் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். போன வருஷம் ஜூன் மாதம் கள்ளச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த பிறகு அந்தப் பெயரைச் சொன்னாலே இங்கே ஆட்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். டாக்டரம்மாவின் வீட்டைக் காட்டினார்கள். அவருடைய அம்மா சித்தாள் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். நான் யாரென்று சொல்லவில்லை. தண்ணீர் கேட்டேன், கொடுத்தார். உள்ளே சுவரில் அந்தச் செய்தித்தாள் படம் ஒட்டியிருந்தது. மகள் பக்கத்தில் நிற்கும் உன்னைக் காட்டி, "இந்தப் புள்ளதான் மோட்டார்லாம் செஞ்சுதாம். நல்ல மூளைம்மா அதுக்கு" என்றார்.

நல்ல தண்ணீர். சில்லென்று இருந்தது.

மணிமொழி


வெள்ளிமலை
22.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மாமா, பாப்பா நலம்தானே? நான் நலம்.

இதை நேரில்தான் சொல்ல நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தேன். நீ களமருதூர் போயிருப்பதாக மாமா சொன்னார். ஏதோ கையெழுத்து வாங்க என்றார்.

நானும் இசைவாணியும் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்திருக்கிறோம். அவள் வீட்டில் சம்மதம். அப்பாவிடம் நான் பேசினால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். கருணாபுரம் என்று சொன்னதுமே சாதியைக் கணக்குப் போட்டு எழுந்து கழனிக்குப் போய்விடுவார், அப்புறம் வருஷக்கணக்கில் பேசமாட்டார். நீ சொன்னால்தான் கேட்பார். சின்ன வயதிலிருந்தே உன் பேச்சுக்குத்தான் அந்த வீட்டில் காது.

உன்னைத்தான் நம்பியிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன் தம்பி,
வெற்றிவேல்


வெள்ளிமலை
19.8.2025

மணிமொழி அக்காவுக்கு,

வெற்றிவேல் எழுதுவது. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இரண்டு மாதமாகத் தபால்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். போன் செய்தால் பாப்பாதான் எடுத்தாள், அம்மா வேலையாக இருக்கிறாள் என்றாள். நேற்றுத்தான் காரணம் புரிந்தது. எங்கள் விண்ணப்பத்துக்கு ஆட்சேபணை வந்திருப்பதாகச் சென்னையிலிருந்து நகல் அனுப்பியிருக்கிறார்கள். கீழே உன் பெயர். எனக்கு உதவியாக அனுப்பிய அத்தனை படங்களும் அதில் வரிசையாக இருக்கின்றன. கடைசியில் களமருதூர் ஆயில் இன்ஜின். ஊர் பார்க்க அது ஓடியது உண்மையென்று நம் ஊர் ராமசாமி மாமாவும் செல்லமுத்துவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

என் பேரையும் சேர் என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சேர்த்திருப்பேனா என்று யோசித்தேன். சேர்த்திருக்க மாட்டேன்.

களமருதூரில் இன்றைக்கும் நான் மணிமொழியின் தம்பிதான். அந்த இன்ஜினைச் சுற்றி நின்ற ஊர், "பொண்ணுக்கு இன்னா மூளை பாரு" என்றது. நான்தான் அன்றைக்குக் கப்பி கட்டினேன், நாயைப் பிடித்திருந்தேன். என்னை யாரும் பார்க்கவில்லை. அப்பாவும் பார்க்கவில்லை. இந்த மலையில்தான் எனக்கு என்று ஒரு பெயர் வந்தது. அதை ஒரு தடவை தனியாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். அதுவும் உனக்குப் பொறுக்கவில்லை.

அப்பாவிடம் நீ பேச வேண்டாம்.

வெற்றிவேல்


வெள்ளிமலை
3.9.2025

மதிப்பிற்குரிய மணிமொழி அக்கா அவர்களுக்கு,

வணக்கம். நான் இசைவாணி. உங்கள் வீட்டில் அனைவரும் நலம் என நம்புகிறேன். அறிமுகமில்லாமல் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆட்சேபணையைப் படித்தேன். அதில் தவறாக ஒரு வரி இல்லை. வெளிநாட்டு மிசின்களைப் பற்றிப் பதில் எழுத என்னால் முடியும். களமருதூர் பற்றி எழுத முடியாது. ஏனென்றால் அது எனக்குத் தெரியாது. மூன்று வேக மோட்டாரை யார் கட்டினார்கள் என்றும் உங்கள் ஆட்சேபணையைப் பார்க்கும்வரை தெரியாது. கேட்டதற்கு உங்கள் தம்பி, "கள்ளக்குறிச்சியில ஒரு கடைல குடுத்துக் கட்டினேன்" என்று சொன்னார். அந்தப் படங்களைக்கூட, "அக்கா அனுப்புனாங்க" என்று மட்டும்தான் சொன்னார். அக்காவுக்கு மோட்டார் தெரியும் என்று சொல்லவில்லை.

அவரோடு பேசி இன்றைக்கு ஒரு வாரம் ஆகிறது. என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் எனக்குத் தெரியாமல் தன் அக்காவையே ஒரு கடையாக மாற்றியிருக்கிறார். நாளைக்கு என்னை எதுவாக மாற்றுவார்?

விண்ணப்பத்தை நான் திரும்பப் பெறச் சொல்லிவிட்டேன். உங்கள் பெயர் இல்லாத காகிதத்தில் என் பெயர் இருக்க வேண்டாம். ஆனால் மிசினை நிறுத்த மாட்டேன். பக்கத்து ஊர்களிலும் கேட்கிறார்கள். சின்னக்கண்ணு அண்ணன் பார்க்கிற ஆளிடமெல்லாம், "நாந்தான் செஞ்சேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அதைக் கேட்டு உங்கள் தம்பிக்கு முகம் சுருங்குகிறது.

ஒரு சந்தேகம். இரண்டாவது வேகத்திலிருந்து மூன்றாவதுக்கு மாற்றும்போது மோட்டார் ஒரு நொடி திணறுகிறது, சூடும் ஏறுகிறது. என்ன செய்யலாம்?

அன்று எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தது நீங்கள்தான் என்று அம்மா இப்போது சந்தேகப்படுகிறார். அடுத்த தடவை சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

அன்புடன்,
இசைவாணி


கள்ளக்குறிச்சி
14.9.2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். நீ சாப்பிடுவதில்லை என்று தெரியவந்தது. சாப்பிடு.

ஆட்சேபணையை உன் கல்யாணக் கடிதம் வருவதற்கு முந்தின வாரமே அனுப்பிவிட்டேன். கடிதம் வந்த பிறகு வேண்டாமென்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. செய்தித்தாளை மாமா கண்ணாடிக்கு அடியில் வைத்த நாளிலிருந்து எனக்கு நெஞ்செரிச்சல். வருகிறவர்கள் எல்லாம், "உன் தம்பியா? இவ்ளோ பெரிய ஆளா?" என்று கேட்கும்போது காயில் சுற்றிக்கொண்டே தலையாட்டினேன். என் பக்கத்தில் நின்றவன் இன்னொருத்தி பக்கத்தில் நிற்கிறானே என்றும் எரிந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் அமெரிக்காக்காரனைத் தேடிப் பிடித்தேன்.

நீ கப்பி கட்டியதை நான் பார்த்தேன். கப்பி மட்டும் சரியாக நிற்காமல் போயிருந்தால் இன்ஜின் என் கையை இழுத்திருக்கும். அது எனக்கு அன்றைக்கே தெரியும். உன்னிடம் சொன்னதில்லை.

அப்பாவிடம் பேச வேண்டாம் என்று எழுதியிருந்தாய். பேசிவிட்டேன். நீ சொன்னதுபோலவே எழுந்து கழனிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் உட்கார்ந்து நடவைப் பார்த்தார். அப்புறம், "கல்யாணத்துக்கு வரேன். மேடை ஏற மாட்டேன். அதுக்கு மேல கேக்காத" என்றார். அதற்கு மேல் நான் கேட்டேன். நாற்று போதுமா என்று நடவு ஆட்களைக் கேட்டார். ஆனால் எழுந்தும் போகவில்லை. இன்னும் நாள் இருக்கிறது.

மற்றதை நீங்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா


வெள்ளிமலை
9.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மழை விடவில்லை. மலைப் பாதையில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் வரவில்லை. மற்றபடி நலம். அப்பாவுக்கு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் இருந்தது. அவர் எனக்கு எழுதிய முதல் கடிதம் இதுதான்.

இசைவாணி என்னோடு பேசுகிறாள். முதலில் நாய்களைப் பற்றி மட்டும் பேசினாள், இப்போது மற்றதும். தை மாதம் நாள் பார்க்கலாம் என்கிறாள். என்னிடம் முன்போல எல்லாவற்றையும் சொல்வதில்லை. அதற்கு நான் ஒன்றும் சொல்ல முடியாது.

இப்போது நான் எழுதுவது வேறு விஷயம். ஐப்பசி முழுக்க உன்னிடமிருந்து அவளுக்குக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. தபால்காரர் என் கையில்தான் கொடுக்கிறார். ஒவ்வொன்றும் கனமாக இருக்கிறது. போன வாரம் வந்ததை அவள் மருந்து அறையில் நின்றபடியே படித்துவிட்டுச் சிரித்தாள், பிறகு பைக்குள் வைத்துக்கொண்டாள். இன்னா எழுதியிருக்காங்க என்று கேட்டேன். "காயில் பத்தி" என்றாள். காயிலைப் பற்றி எழுதினால் யாராவது அப்படிச் சிரிப்பார்களா அக்கா?

நீயும் அவளுமாக மாடுகளுக்கு ஏதோ புதிதாகச் செய்யப்போகிறீர்களாம். சின்னக்கண்ணுவுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. அவர் என்னைப் பார்த்து, "உங்களுக்குச் சொல்லலீங்களா சார்?" என்று கேட்கிறார்.

எனக்கு நீ கடைசியாக எழுதியது செப்டம்பரில். கப்பி வேலை எதுவும் இருந்தால் எனக்கும் எழுது.

வெற்றிவேல்